கூடுதல் காசு யார் கைக்குப் போகிறது? நியாய வணிகப் பொருட்கள் பற்றிக் கேள்வி பதில்

வணக்கம். பன்னிரண்டு வருடம் ஒரு ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து தணிக்கைக்கு வருகிறவர்களுக்குச் சம்பளப் பதிவேடு, ஓவர்டைம் கணக்கு எல்லாம் எடுத்து வைக்கிற வேலை. இப்போது தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நியாய வணிக (ஃபேர்டிரேட்) முத்திரை போட்ட காப்பித்தூள், டீத்தூளுக்கு அதிகம் கொடுக்கலாமா என்று போன வாரம் நாலு வரி எழுதியதற்கே இத்தனை கேள்வி வந்துவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பெரம்பூரிலிருந்து: அக்கா, இது நிஜமாகவே விவசாயிக்கு உதவுதா, இல்ல விலை ஏத்த ஒரு வழியா?

உதவுகிறது, ஆனால் எப்போது என்பதுதான் விஷயம். 1988-ல் நெதர்லாந்தில், மெக்சிகோ விவசாயிகளின் காப்பிக்குத்தான் முதன்முதலில் இந்த மாதிரி முத்திரை வந்தது. அதன் பேச்சு இரண்டே: சந்தை எவ்வளவு விழுந்தாலும் இதற்குக் கீழே போகமாட்டோம் என்று ஒரு அடிமட்ட விலை, அதற்கு மேல் விவசாயிகளின் சங்கத்துக்குப் பொதுவாக ஒரு தொகை. 2001 வாக்கில் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு காப்பி 50 சென்டுக்கும் கீழே போனது. அப்போது முத்திரையின் கீழ் விற்ற சங்கங்களுக்கு 1.26 டாலர் கிடைத்தது. அந்த வருடம் செடியைப் பிடுங்கிப் போடாமல் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 2023-ல் அடிமட்ட விலையை 1.80 டாலராக உயர்த்தினார்கள். 2025 தொடக்கத்தில் சந்தை விலையே 4 டாலரைத் தாண்டிவிட்டது, அந்த மாதிரி சமயத்தில் அடிமட்ட விலைக்கு வேலையே இல்லை. கெட்ட வருடத்துக்கான ஏற்பாடு அது.

ராயபுரத்திலிருந்து: நூறு கிராம் பாக்கெட்டுக்கு 80 ரூபா அதிகம் போட்டிருக்காங்க. அதுல விவசாயிக்கு எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சங்கத்துக்குப் போகிற பொதுத் தொகை பவுண்டுக்கு 20 சென்ட், அதாவது கிலோவுக்கு 44 சென்ட். டாலரை 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 37 ரூபாய் சொச்சம். பச்சைக் கொட்டையை வறுத்தால் எடை குறையும், ஒரு கிலோ கொட்டையில் 800 முதல் 850 கிராம் தூள்தான் தேறும். அப்படியென்றால் உங்கள் நூறு கிராமில் நாலரை ரூபாய். சந்தை விலை நன்றாக இருக்கிற வருடத்தில் முத்திரையால் போவது அவ்வளவுதான். மீதி எழுபத்தைந்து ரூபாயில் நல்ல கொட்டைக்கான விலையும் இருக்கலாம், பளபள பாக்கெட்டும் ஏசி கடை வாடகையும் இருக்கலாம். நானும் கடைக்காரிதான், லாபம் வைப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 80 ரூபாயையும் விவசாயி பெயரைச் சொல்லி வாங்கக்கூடாது. நாலரை ரூபாய்க்கு நாலரை ரூபாய் அதிகம் கொடுங்கள், பத்து ரூபாய்கூடக் கொடுங்கள். எண்பது ஏன் என்று கடையில் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: தோட்டம் வச்சிருக்கிறவருக்குக் கிடைக்குது, சரி. கூலிக்குப் பறிக்கிறவங்களுக்கு?

எல்லாரும் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். பதில் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. லண்டனில் உள்ள சோயாஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் நாலு வருடம் அலைந்து 2014-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். முத்திரை இருக்கிற இடங்களில் கூலியாட்களுக்குச் சம்பளம் அதிகமாக இல்லை, பல இடத்தில் குறைவாகவே இருந்தது என்று அதில் இருக்கிறது. கோஸ்டாரிகா காப்பியைப் பற்றி 2022-ல் வெளிவந்த ஆய்வில் தோட்டக்காரர்களுக்கு வருமானம் ஏறியிருக்கிறது, இடைத்தரகர்களுக்கு இறங்கியிருக்கிறது, கூலியாட்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. முத்திரையும் தணிக்கையை நம்பித்தானே கொடுக்கிறார்கள். நான் வேலை செய்த கம்பெனியில் தணிக்கை என்றால் ஒரு வாரம் முன்பே தேதி தெரிந்துவிடும். அன்று காலை ஏழரைக்கு கட்டிங் பிரிவில் எல்லாருக்கும் புது முகக்கவசம் கொடுப்போம், பிளாஸ்டிக் வாசனைகூடப் போயிருக்காது. கழிப்பறையில் சோப்பு வந்திருக்கும், தண்ணீர் டிரம்முக்கு மூடி வந்திருக்கும். வந்தவர் என்னிடம் பதிவேட்டைக் கேட்பார், நான் கொடுப்பேன். அதில் ஓவர்டைம் சட்டப்படிதான் இருக்கும். நிஜக் கணக்கு இன்னொரு நோட்டில், நீல அட்டை போட்டது, மேனேஜர் மேஜை இழுப்பறையில். சாயங்காலம் தணிக்கைக்கு வந்தவரின் கார் கேட்டைத் தாண்டியதும் சூப்பர்வைசர் ஒரு அட்டைப்பெட்டியோடு வருவார், முகக்கவசங்களை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார். ஒரு பெண் "சார், இது மட்டும் வச்சுக்கறேன், பஞ்சு மூக்குல ஏறுது" என்று கேட்டாள். கொடுக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. அது இன்னும் மனதை அறுக்கிறது.

அதனால் தணிக்கையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்த ஒரு நாளாவது டிரம்முக்கு மூடி வந்ததே. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை வருகிறவரைவிட, தினமும் உள்ளே இருக்கிறவர்கள் பயமில்லாமல் பேச முடிகிறதா என்பதுதான் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது.

மூலக்கடையிலிருந்து: பச்சைத் தவளை படம் போட்டதும் இதுவும் ஒண்ணா?

இல்லை. தவளை ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற வேறு அமைப்பின் முத்திரை, அதில் அடிமட்ட விலை உத்தரவாதம் கிடையாது. ஃபேர்டிரேட் முத்திரை கறுப்புப் பின்னணியில் நீலமும் பச்சையுமாக இருக்கும்.

பெரம்பூரிலிருந்து இன்னொருவர்: சாக்லேட்டில் அந்த முத்திரைக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கிறதே?

கவனித்துப் பார்த்திருக்கிறீர்கள். கோகோ, சர்க்கரை, டீ, பழச்சாறு நாலுக்கும் ஒரு சலுகை உண்டு. கம்பெனி எவ்வளவு எடை நியாய விலையில் வாங்குகிறதோ அவ்வளவு எடைக்கு முத்திரை போட்டு விற்கலாம், ஆனால் உங்கள் கையில் இருக்கிற சாக்லேட்டில் அந்த விவசாயியின் கோகோதான் இருக்கவேண்டும் என்பதில்லை, ஆலையில் எல்லாம் கலந்துவிடும். அம்புக்குறி போட்டிருந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், அங்கே விளக்கம் இருக்கும். காசு போய்ச் சேருகிறது, அதனால் ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன்.

எருக்கஞ்சேரியிலிருந்து: எங்கேயோ மெக்சிகோ எதுக்கு? நம்ம ஊர் டீக்கு என்ன பண்றது?

நீலகிரிச் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலைக்குக் கிலோ 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று கேட்டு உண்ணாவிரதம்வரை போனார்கள். நாலு, நாலரை கிலோ பச்சை இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ டீத்தூள். இலைக்கு 20 ரூபாய் கிடைத்தால் ஒரு கிலோ தூளுக்கு அவர் பார்ப்பது 80, 90 ரூபாய். அதிலேயே உரம், பறிப்புக்கூலி எல்லாம். நாம் கடையில் என்ன விலைக்கு வாங்குகிறோம் என்று உங்களுக்கே தெரியும். இன்ட்கோசர்வ் என்று 1965-லிருந்து இருக்கிற கூட்டுறவு இணையம், அதன் கீழுள்ள டீத் தொழிற்சாலைகளில் அந்தச் சிறு விவசாயிகளே உறுப்பினர்கள். ரேஷனில் ஊட்டி டீ வாங்கியிருப்பீர்களே, அவர்களுடையதுதான். வெளிநாட்டு முத்திரைக்கு ஏங்குவதைவிட அதை வாங்குவது எனக்கு நேர்வழியாகப் படுகிறது. துணிக்கு 1935-லிருந்து கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, அதுவும் அப்படியே.

வியாசர்பாடியிலிருந்து: நான் வீட்டில் நைட்டி தைக்கிறேன். ஒன்றுக்கு 14 ரூபாய். எம்.சி. ரோட்டில் அதை 350-க்கு விற்கிறார்கள். என் நைட்டிக்கு யார் முத்திரை போடுவார்கள்?

யாரும் போடமாட்டார்கள் அம்மா, பொய் சொல்ல மனமில்லை. முத்திரை வாங்கக் கட்டணம் கட்டவேண்டும், சங்கமாகவோ கம்பெனியாகவோ இருக்கவேண்டும். தனியாக வீட்டில் மிஷின் மிதிக்கிறவரை இந்த ஏற்பாடு பார்ப்பதே இல்லை. மிஷின் உங்களுடையது, கரண்ட் உங்களுடையது, நூலும் பல இடத்தில் உங்கள் தலையில்தான், அதெல்லாம் போனால் 14-ல் என்ன நிற்கும்?

ஆனால் நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து பின்னி மில் இருந்த இடம் கூப்பிடு தூரம். 1918 ஏப்ரல் 27-ம் தேதி மதராஸ் தொழிலாளர் சங்கம் அந்த மில்காரர்களுக்காகத்தான் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார், ஆரம்பித்து வைத்தவர்களில் செல்வபதி செட்டியார் ஒரு வியாபாரி. கடைக்காரியான எனக்கு அதில் ஒரு பெருமை. எந்த வெளிநாட்டு முத்திரையையும் எதிர்பார்த்து அவர்கள் உட்காரவில்லை. உங்கள் தெருவில் அதே ஆளுக்குத் தைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். பத்துப் பேர் சேர்ந்து "தீபாவளி ஆர்டருக்கு 18" என்று ஒரே வாயாகச் சொன்னால், சரக்கு அவசரமாக இருக்கிற மாதத்தில் அவரால் சுலபமாக மறுக்க முடியாது. தமிழ்நாடு அரசின் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து: மாசம் 15,000 சம்பளம். மலிவானதை வாங்கினா நாங்க பாவிகளா?

நிச்சயமாக இல்லை. வாடகையும் ஃபீஸும் கட்டிவிட்டு மிச்சம் இருக்கிறவர்களுக்குத்தான் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காசிமேட்டிலிருந்து: பேரம் பேசுவது தப்பா?

பெரிய ஷோரூமில் பேசுங்கள், தாராளமாக. மீன் விற்கிற அம்மாவிடம் பேசாதீர்கள். விடியுமுன் துறைமுகத்தில் ஏலம் எடுக்கிறார், பல பேருக்கு அந்த முதலே தண்டல் காசு, சாயங்காலம் வட்டியோடு கட்டவேண்டும். ஐஸ், ஆட்டோ, கூடை தூக்கிவிடுகிறவருக்குக் கூலி எல்லாம் அவர் கைக்காசு. பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏற மீன் விலை இறங்கும், விற்காதது நஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, அப்போது ஏலமே உச்சத்தில் இருக்கும், அவர் வேண்டுமென்று ஏற்றவில்லை. நாம் குறைக்கச் சொல்கிற இருபது ரூபாய்தான் அன்று அவருக்கு நிற்கிற லாபம். காப்பிக்கு நாலரை ரூபாய் கடல் தாண்டிப் போகிறதா என்று தேடுகிற நமக்கு இந்த இருபது நேராகக் கைக்குப் போவது தெரியவேண்டும். சங்கரா ஒரு கூறு 200 என்றால், கட்டுப்படவில்லையென்றால், அரைக் கூறு கேளுங்கள். முகம் சுளிக்காமல் அரிந்து கொடுப்பார்.