கிங்கைப் பற்றிப் பேச எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் வங்கி ஊழியர் சங்கக் கூட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய கனவு உரையைத் தவிர எனக்கு அதிகம் தெரியாது. நிறவெறி எதிர்ப்புக்கும் தொழிற்சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று உறுப்பினர்கள் கேட்டால் என்ன சொல்வது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அந்த உரை நிகழ்ந்த 1963 ஆகஸ்ட் 28 பேரணி, வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி என்றே அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வாஷிங்டனில் திரண்டு, கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைச் சட்டத்தோடு மணிக்கு 2 டாலர் குறைந்தபட்ச ஊதியத்தையும் கேட்டார்கள். அதற்குத் தலைமை ஏற்றவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்ற 74 வயதுத் தொழிற்சங்கத் தலைவர். அவரிடமிருந்து தொடங்குங்கள்.

அமெரிக்க ரயில்களின் படுக்கைப் பெட்டிகளை நடத்திவந்த புல்மேன் நிறுவனம், உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் பெட்டிப் பணியாளர்களாக அமர்த்தியது. படுக்கை விரிப்பது, காலணி துடைப்பது, இரவெல்லாம் அழைப்புக்குக் காத்திருப்பது என்று மாதத்துக்கு ஏறத்தாழ 400 மணி நேரம் உழைத்தும், பயணிகள் தரும் இனாம் இல்லாமல் அவர்களால் குடும்பம் நடத்த முடியவில்லை. காலணி மெழுகைக்கூடத் தங்கள் கைக்காசில் வாங்க வேண்டியிருந்தது. பெற்றோர் வைத்த பெயர் எதுவானாலும், முதலாளி ஜார்ஜ் புல்மேனின் பெயரால் ‘ஜார்ஜ்’ என்றே பல பயணிகள் அவர்களை அழைத்தார்கள். வயதில் மூத்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1925 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இவர்களுக்கென ஒரு சங்கம் பிறந்தபோது, ராண்டால்ஃபைத் தலைவராக்கியதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது: அவர் புல்மேன் ஊழியர் அல்லர் என்பதால் நிறுவனத்தால் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. உறுப்பினர்கள் வேலை இழந்தார்கள், உளவாளிகளால் கண்காணிக்கப்பட்டார்கள். எனவே வாஷிங்டனில் ரோசினா டக்கர் போன்ற பணியாளர்களின் மனைவிமார் வீடுவீடாகச் சென்று சந்தாவும் ஆதரவும் திரட்டினார்கள். இந்தப் பெண்களைத் தவறாமல் குறிப்பிடுங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1937இல் கையெழுத்தான ஒப்பந்தம் ஊதியத்தை உயர்த்தி, வேலை நேரத்தை மாதம் 240 மணியாகக் குறைத்தது.

அந்த வலிமையோடுதான் 1941இல் ராண்டால்ஃப் வாஷிங்டன் பேரணி ஒன்றை அறிவித்தார். அது நடப்பதற்கு முன்பே, பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணையில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். 1955இல் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸைப் பிணையில் எடுக்க விரைந்து, பேருந்துப் புறக்கணிப்புக்கு 26 வயது கிங்கின் ஆதரவைத் தேடிய ஈ. டி. நிக்சனும் இதே சங்கத்தைச் சேர்ந்த புல்மேன் பணியாளர்தான். 1968 ஏப்ரலில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்கச் சென்றிருந்தபோதுதான். உறுப்பினர்கள் கேட்கும் கேள்விக்கு இவையே பதில்.

சங்கக் கூட்டம் என்பதால் ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொல்லுங்கள். கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்த சங்கங்கள் அங்கே பல இருந்தன. அவற்றைக் கண்டித்ததற்காக, தாம் துணைத் தலைவராக இருந்த தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் செயற்குழுவாலேயே ராண்டால்ஃப் 1961இல் கண்டிக்கப்பட்டார். 1963 பேரணியையும் அந்தக் கூட்டமைப்பு அதிகாரபூர்வமாக ஆதரிக்கவில்லை. வாகனத் தொழிலாளர் சங்கம் போன்ற சில சங்கங்கள் தாமாகவே முன்வந்து தொழிலாளர்களைத் திரட்டி அனுப்பின.