மருந்தடிப்பதால் தோட்டத்து ஓணானும் உடும்பும் குறைகின்றனவா?

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் வெங்காயம் வைக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பூச்சிக்குத்தானே மருந்தடிக்கிறம், ஓணானும் உடும்பும் சாரையும் ஏன் குறையவேணும்?"

நானும் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களுக்குள் வளர்ந்தவன். கிளுவை வேலிகள் போய் மதில் வந்தது ஒரு காரணம். மருந்து இன்னொன்று, அதைத்தான் நாங்கள் குறைத்து மதிக்கிறோம். ஏனென்றால் இவை பெரும்பாலும் மருந்தடித்த இடத்திலேயே விழுந்து சாவதில்லை.

ஓகனோபொஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை உடனுக்குடன் அழிக்கும் நொதியத்தை முடக்குகின்றன. பூச்சிக்கும் ஓணானுக்கும் எங்களுக்கும் அந்த நொதியம் ஒரே வகைதான். நஞ்சு கொஞ்சமாகச் சேர்ந்தாலும் உடல் நடுங்கும், தசை தளரும், இரை பிடிக்க முடியாது. அப்படித் தளர்ந்த ஓணானைக் காகமோ செண்பகமோ தூக்கிக்கொண்டு போய்விடும். பார்ப்பவருக்கு அது காகம் தின்ற ஓணான், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் உடற்சூடு. ஊர்வனவின் உடல் வெயிலை நம்பி இயங்குவது. குளிர்ந்தால் நஞ்சை உடைத்து வெளியேற்றும் வேலையும் மெதுவாகிவிடும். பைரித்ரின் என்னும் பூச்சிமருந்தைப் பல்லியினம் ஒன்றில் சோதித்தபோது, குளிரில் இருந்தவற்றையே அது கூடுதலாகப் பாதித்தது. பொழுதுபட மருந்தடிப்பது தேனீக்கு நல்லது என்கிறோம், அது சரி. ஆனால் மார்கழிப் பனியில் வேலியடியில் ஒடுங்கிக் கிடக்கும் ஓணானுக்கு அதே நேரம்தான் ஆபத்து.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது முட்டைதான். ஓணான் ஈரமான பொலபொல மண்ணைத் தோண்டி முட்டையிடும். கொத்தி, தண்ணீர் கட்டிய தோட்டத்து மண்ணைவிட அதற்கு வாய்ப்பான இடம் ஏது? அதன் முட்டைக்குக் கோழிமுட்டை போல் கெட்டி ஓடு கிடையாது. தோல் போன்ற அந்த ஓடு வாரக்கணக்கில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். ஈரத்தோடு மருந்தும் உள்ளே போகும்.

முட்டைக்குள் போகும் நஞ்சு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் அப்போப்கா ஏரி பெரிய சாட்சி. 1980இல் அதன் கரையிலிருந்த தொழிற்சாலையிலிருந்து டைகோபோல், டிடிடி என்னும் பூச்சிகொல்லிகள் ஏரியில் கலந்தன. அடுத்த சில ஆண்டுகளில் முதலை முட்டைகள் பொரிப்பது சரிந்தது, குட்டிகள் அரிதாயின. உயிரியலாளர் லூயிஸ் கிலெட் குழுவினர் ஆராய்ந்தபோது ஆண் குட்டிகளில் ஆண் ஓமோனே குறைந்திருந்தது.

இவ்வளவு தெரிந்தும், ஒரு மருந்தைப் பதிவுசெய்யும் முன் பறவை, மீன், தேனீ மீது சோதிப்பதுபோல ஊர்வன மீது சோதிப்பது வழக்கத்தில் இல்லை. பறவைக்குச் சொன்ன அளவையே இவற்றுக்கும் பொருத்திவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. இலங்கை 1998இல் எண்டோசல்பான் என்னும் பூச்சிமருந்தைத் தடைசெய்தது கூட மனித உயிர்களை எண்ணித்தான்.

நீங்கள் செய்யக்கூடியது: வரம்பையும் வேலியோரத்தையும் மருந்து படாமல் விடுங்கள். வெங்காயத்தாளை உறிஞ்சும் பனிப்பூச்சியைக் கண்டபின் அடியுங்கள், இத்தனை நாளைக்கொருக்கா என்று கணக்கு வைத்து அடிக்காதீர்கள். மருந்துப் போத்தலை வாய்க்காலில் கழுவாதீர்கள். எலிப்பாசாணம் தின்று செத்த எலியை ஆழப் புதையுங்கள். உடும்பு செத்ததையும் தின்னும்.

உடும்பைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், ஆனாலும் இறைச்சிக்குப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடாமல் கையில் அகப்படும் உடும்பு நஞ்சு தின்றதாகவும் இருக்கலாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.