மலாவியில் பிரசவம் பார்த்தேன், கேளுங்கள்

நான் நர்ஸ். ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாட்டில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் சில வருடம் இருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சிஸ்டர், அங்கே தாய்மார் இறப்பதற்குப் பட்டினிதான் காரணமா?

பதில்: நேரடியாக இல்லை. 2023-இல் உலகம் முழுக்கக் கர்ப்பம், பிரசவம் சார்ந்து இறந்தவர்கள் சுமார் 2,60,000 பேர், அதில் 70 சதவீதம் சகாராவுக்குத் தெற்கே. பிள்ளை பிறந்தபின் நிற்காத உதிரப்போக்கு முதல் எதிரி, அப்புறம் ரத்தக்கொதிப்பில் வரும் ஜன்னி. மலேரியாவாலும் சத்துக்குறைவாலும் ஏற்கெனவே ரத்தசோகை பிடித்த பெண்ணுக்கு அரை லிட்டர் ரத்தம் போனாலே ஆள் துவண்டுவிடும்.

கேள்வி: (நர்சிங் மாணவி) கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போட்டால் உதிரப்போக்கு நிற்குமே அக்கா?

பதில்: நிற்கும்மா, மருந்து கெடாமல் இருந்தால்! 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய மருந்து அது, கரண்ட் நாள் கணக்கில் போகும் கிராமத்தில் எங்கே வைப்பது? அதே வேலையைச் செய்யும், சூட்டைத் தாங்கும் கார்பெடோசின் இப்போது இருக்கிறது, மிசோப்ரோஸ்டால் மாத்திரையும் கைகொடுக்கும். ஆனால் எனக்குப் பெரிய விஷயம் வேறு. எவ்வளவு ரத்தம் போனது என்பதை நாங்கள் கண்ணால்தான் மதிப்பிடுவோம், பிரசவத்துக்கு வரும் பெண்கள் கொண்டுவரும் சிட்டெஞ்சே (அங்கே இடுப்பில் சுற்றிக்கட்டும் துணி) ஊறியிருப்பதைப் பார்த்து "முந்நூறு மில்லி இருக்கும்" என்போம், உண்மையில் அதைப்போல இரண்டு பங்கு போயிருக்கும். இப்போது இடுப்புக்குக் கீழே விரிக்கிற பிளாஸ்டிக் விரிப்பு வந்திருக்கிறது, அடியில் பை மாதிரி இறங்கும், அதில் கோடு போட்டிருக்கும், ரத்தம் கோட்டைத் தொட்டதும் வயிற்றைத் தேய்ப்பது, ஊசி, ரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் ஆசிட், டிரிப் எல்லாம் வரிசையாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா என நான்கு நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்து பார்த்து 2023-இல் முடிவு சொன்னார்கள்: கடும் உதிரப்போக்கும் அதன் பின்விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. விரிப்பு மட்டும் இருந்தால் போதாது, கோட்டைப் பார்க்க ஆள் வேண்டும். நைட் ட்யூட்டியில் பல நாள் நான் ஒருத்திதான்.

கேள்வி: வீட்டுப் பிரசவத்தைத் தடை செய்தால் தீர்ந்ததே?

பதில்: செய்தார்களே! 2007-இல் ஊர் மருத்துவச்சிகளுக்குத் தடை, 2010-இல் அதை நீக்கினார்கள். அவர்களை அங்கே 'அசம்பா' என்பார்கள். சில ஊர்த்தலைவர்கள் வீட்டில் பெற்றால் ஆடோ கோழியோ அபராதம் என்று விதித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து வரும் வழியிலேயே பெற்றவளிடமும் ஆட்டைக் கேட்டால் என்ன நியாயம்? என் கணக்கில், ஒன்பதாம் மாதமே வந்து ஆஸ்பத்திரிப் பக்கத்தில் தங்கிக்கொள்ளும் காத்திருப்பு வீடுகள்தான் உருப்படியான வேலை. கூரை ஒழுகும், சமையலும் அவரவர்தான், இருந்தாலும் வலி வந்தால் நடக்கிற தூரம்.

கேள்வி: இன்குபேட்டர் இல்லாமல் எடை குறைந்த குழந்தை பிழைக்குமா?

பதில்: நிறையப் பிழைக்கும். அம்மா நெஞ்சோடு குழந்தையை வைத்து, அதே சிட்டெஞ்சேயால் இறுக்கிக் கட்டிவிடுவோம், குல்லா, காலுறை, தாய்ப்பால். முன்பெல்லாம் குழந்தை கொஞ்சம் தேறியபின்தான் இதைச் செய்வோம். மலாவி, கானா, நைஜீரியா, தான்சானியா, நம் இந்தியா என ஐந்து நாடுகளில் பிறந்த உடனேயே தொடங்கிப் பார்த்ததில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் வந்தது. மூச்சு விடவே திணறும் குழந்தைக்கு இது மட்டும் போதாது, அதற்குக் காற்றழுத்தக் கருவி வேண்டும்.

கேள்வி: எங்கள் கிளினிக்கில் பழைய ஸ்கேன் மிஷின் ஒன்று சும்மா கிடக்கிறது, அனுப்பட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. அப்படி வந்தவை மூன்று எங்கள் ஸ்டோர் ரூமில் இருந்தன, மேலே கையுறை டப்பா அடுக்கி வைத்திருந்தோம்.