சிறுநீரகச் செல் சவ்வில் சோடியம்–ஹைட்ரஜன் பரிமாற்றத்துக்கு ஏடிபி செலவாகிறதா?

பரிமாற்றப் புரதம் தானாக ஏடிபியை, அதாவது செல்லின் ஆற்றல் மூலக்கூறை, செலவிடுவதில்லை. ஆனால் ஏடிபி இல்லாத செல்லில் அது நெடுநேரம் இயங்கவும் முடியாது. உடலியங்கியல் வகுப்பில் மாணவர்கள் பெரிதும் குழம்பும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சிறுநீரகத்தில் இரத்தத்திலிருந்து வடிகட்டப்பட்ட நீர் (வடிநீர்) முதலில் கடக்கும் அண்மை சுருள் நுண்குழலின் செல்லில், இரத்தத்தை நோக்கிய பக்கத்துச் சவ்வில் உள்ள சோடியம்–பொட்டாசியம் பம்பு ஒவ்வொரு ஏடிபிக்கும் மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. அதனால்தான் வடிநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் இருக்கும் சோடியம், செல்லுக்குள் 10 முதல் 20 வரையே இருக்கிறது. வடிநீரை நோக்கிய, நுண்விரல்கள் அடர்ந்த சவ்வான தூரிகை விளிம்பிலுள்ள என்எச்இ3 என்னும் பரிமாற்றப் புரதம், இந்தச் செறிவுச் சரிவில் இறங்கிவரும் ஒரு சோடியத்துக்கு ஈடாக ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே அனுப்புகிறது. ஒன்றுக்கு ஒன்று என்பதால் மின்னூட்டம் மாறுவதில்லை.

இந்தப் புரதம் தானாக ஏடிபியைச் செலவிடுவதில்லை என்பதைத் தெளிவாகக் காட்டியது 1976இல் முரர், ஹாப்ஃபர், கின்னே ஆகியோர் செய்த ஆய்வு. எலியின் சிறுநீரகத்திலிருந்து தூரிகை விளிம்புச் சவ்வை மட்டும் பிரித்தால் அது நுண்ணிய பைகளாக மூடிக்கொள்ளும். பம்போ செல்லின் மற்ற உறுப்புகளோ இல்லாத அந்தப் பைகளுக்கு வெளியே சோடியம் சேர்த்தபோது ஹைட்ரஜன் அயனிகள் வெளிவந்தன. எனக்கு இன்றும் வியப்பளிக்கும் எளிமை இது.

வெளியேறும் ஹைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது வடிநீரின் பைகார்பனேட்டுடன் இணைந்து கார்பானிக் அமிலமாகி, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியால் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. அந்தக் கார்பன் டை ஆக்சைடு செல்லுக்குள் நுழைந்து மீண்டும் பைகார்பனேட்டாகி இரத்தத்தைச் சேர்கிறது. நாளொன்றுக்கு வடியும் 180 லிட்டரில் ஏறத்தாழ 4,300 மில்லிமோல் பைகார்பனேட் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு இந்த நுண்குழலிலேயே மீட்கப்படுகிறது.

சோடியச் சரிவு எப்போதும் இருந்தும் செல் ஏன் அளவுக்கு மீறிக் காரமாகிவிடுவதில்லை என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். 1982இல் ஆரன்சனும் அவருடைய குழுவினரும் இதற்கு விடை கண்டனர்: புரதத்தின் உட்பக்கத்தில், கடத்தப்படும் ஹைட்ரஜனுக்கான இடத்தைத் தவிர, வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்னொரு ஹைட்ரஜன் பிணைப்பிடமும் உண்டு. செல்லுக்குள் அமிலம் கூடினால் அது பரிமாற்றத்தை முடுக்குகிறது. அமிலம் குறைந்தால், சோடியச் சரிவு அப்படியே இருந்தாலும், பரிமாற்றம் தணிந்துவிடுகிறது.