பனிக் கணவாயில் கடிகாரத்தைப் பாருங்கள்: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்கில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை செல்லும் நடைபாதை பசிபிக் கிரெஸ்ட் பாதை. அதில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பகுதி பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: மே கடைசியில் கென்னடி மெடோஸ் வந்துவிடுவேன். உடனே மேலே ஏறலாமா?

கென்னடி மெடோஸ், தெற்கிலிருந்து வருபவர்களுக்குச் சியராவின் வாசல். தேதியை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஏப்ரல் 1-ஐ ஒட்டிக் கலிபோர்னியா அரசு வெளியிடும் பனி அளவைப் பாருங்கள். சராசரிக்கு மேல் என்றால் ஜூன் நடுப்பகுதி வரை பொறுப்பது நல்லது. குறைவான ஆண்டென்றால் கிளம்பலாம்.

கேள்வி: ஃபாரஸ்டர் கணவாயை எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும்?

4,009 மீட்டர், இந்தப் பாதையிலேயே உயரமான இடம். முந்தைய இரவு அதன் தெற்கு அடிவாரத்தில் தங்கி, விடியும் முன்பே நடக்கத் தொடங்குங்கள். உச்சிக்குச் சற்று முன்னால், பனி நிறைந்த செங்குத்தான பள்ளச் சரிவு ஒன்று குறுக்கிடும். தெற்குப் பார்த்த சரிவு, வெயில் சீக்கிரமே வந்துவிடும். இரவில் இறுகிய பனி ஏறுவதற்கு உறுதியாக இருக்கும், மதியத்திலோ தொடை வரை உள்ளே இழுக்கும். பாறைகளைச் சுற்றிப் பனி உருகி அடியில் வெற்றிடம் இருக்கும். அங்கே சிக்கும் கால் முறிவதும் உண்டு. வடக்குப் பக்கம் இறங்குகிறீர்கள் அல்லவா, அங்கே பனி இன்னும் பல வாரம் கிடக்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: மைக்ரோஸ்பைக்ஸ் போதுமா, கிராம்பான் வேண்டுமா?

இரண்டுமே வழுக்காமலிருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் முள் சாதனங்கள்; மைக்ரோஸ்பைக்ஸில் முட்கள் சிறியவை, கிராம்பானில் நீளமானவை. மிதமான சரிவுக்கு மைக்ரோஸ்பைக்ஸ் போதும். செங்குத்தில் பனி கல்லாக இறுகியிருந்தால் கிராம்பான்தான். ஐஸ் ஆக்ஸை, அதாவது பனிக்கோடரியை, எல்லோரும் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் அதைப் பையில் கட்டிக்கொண்டே ஏறுகிறார்கள்! அது கையில் இருக்க வேண்டும். சறுக்கினால் குப்புறப் புரண்டு, கோடரியின் கூரிய அலகைப் பனியில் குத்தி நிற்கும் பயிற்சியை, கீழே பாறையோ பள்ளமோ இல்லாத சரிவில் பத்துப் பதினைந்து முறை செய்து பாருங்கள்.

கேள்வி: கணவாய்தானே ஆபத்து? ஆறுகளைப் பற்றி ஏன் இத்தனை எச்சரிக்கை?

கணவாயில் உருகும் பனிதான் கீழே ஆறாக வருகிறது. 2017-இல் பனி மிகுந்திருந்தது. அந்தக் கோடையில் இந்தப் பாதையில் நடந்த இருவர் ஆறுகளில் இறந்தார்கள். பகலில் உருகும் தண்ணீர் மாலையிலும் இரவிலும் பெருகி வரும், விடியற்காலையில் வடிந்திருக்கும். மாலை ஐந்து மணிக்குக் கரையில் நின்று தயங்குகிறீர்களா? கூடாரம் போடுங்கள், காலையில் பார்க்கலாம். பாதை ஆற்றில் இறங்கும் இடத்தில்தான் கடக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எவல்யூஷன் ஓடையில் பலரும் மேலே புல்வெளிக்குப் போய், நீர் பரந்து மெதுவாக ஓடும் இடத்தில் கடக்கிறார்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றுங்கள், காலணியைக் கழற்றாதீர்கள். கீழே அருவி இருந்தால் அந்த இடம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வேறு எதை மறப்பார்கள்?

தண்ணீர் ஃபில்டரை. நனைந்த ஃபில்டர் உறைந்தால் உள்ளிருக்கும் நுண்குழல்கள் வெடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இரவில் தூக்கப்பையில் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியும் அவசியம். மூக்குத் துவாரத்துக்கு உள்ளேயும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். பனியில் வெயில் கீழிருந்தும் அடிக்கும். எனக்கு மூக்குக்குள் வெந்துபோய் நான்கு நாள் தும்மவே பயந்தேன்.

கேள்வி: சியராவை நடக்காமல் விட்டு வடக்கே போய்ப் பிறகு திரும்பி வந்து நடந்தால் முழுப் பாதை ஆகுமா?

தாராளமாக ஆகும். செப்டம்பரில் வந்தால் ஜூனில் மிரட்டிய ஓடைகள் பல கணுக்கால் அளவுக்கு இறங்கியிருக்கும். அக்டோபருக்குத் தள்ளாதீர்கள், புதுப்பனி விழத் தொடங்கிவிடும்.