ஐசியுவில் அப்பா ஆள் அடையாளம் தெரியாமல் உளறுகிறார். செவிலியர்களால் இதைத் தடுக்க முடியுமா?

இது பெரும்பாலும் 'டெலிரியம்' என்னும் திடீர் மனக்குழப்பம்; பைத்தியம் அல்ல. ஓரளவு தடுக்கலாம். வென்டிலேட்டரில் பேச முடியாதவரிடமும் செவிலியர் இதைச் சோதிப்பார்: பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'ஏ' வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வார். கத்துபவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் சுருண்டு கிடப்பவர்தான் கண்ணில் படாமல் போகிறார்.

நான் முதலிடம் கொடுப்பது தூக்கத்துக்கு. இரவில் விளக்கைக் குறைத்து, ரத்தம் எடுப்பது, உடல் துடைப்பது போன்ற வேலைகளை முடிந்தவரை சேர்த்தே முடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லி அழைத்து, இன்ன நாள், இன்ன இடம், இப்போது செய்யப்போவது இன்னது என்று சொல்ல வேண்டும். வலியைத் தணிப்பதும் சீக்கிரமே உட்காரவைப்பதும் உதவும். கையைக் கட்டிப்போட்டால் கலவரம்தான் கூடும்.

அவருடைய மூக்குக்கண்ணாடி, காது மெஷின் வீட்டில் இருந்தால், அனுமதி கேட்டு இன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.