நாளெல்லாம் எழுதுகிறேன், பேசத்தான் ஆளில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு வயது 39. ஆறு ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸ் எழுத்தாளராக இருக்கிறேன். அதற்கு முன் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துநராகச் சேர்ந்து, உதவி ஆசிரியர் வரை ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த வேலையை நானாகத்தான் விட்டேன். பிறர் எழுதியதைச் செப்பனிட்டே காலம் போய்விடும், சொந்தமாக எழுத நேரம் வேண்டும் என்ற ஆசைதான் காரணம். நேரம் கிடைத்தது. ஆனால் அந்த நேரம் முழுவதும் நிறுவனங்களுக்கான கட்டுரைகளிலும், பிறர் பெயரில் எழுதித் தரும் வாழ்க்கை வரலாறுகளிலும், அவ்வப்போது வரும் மொழிபெயர்ப்புகளிலும் போய்விடுகிறது. நான் தொடங்கிய கதைகள் பதினொன்று, பாதியில் நிற்கின்றன.

சென்ற மாதம் நடந்த ஒன்றைச் சொன்னால் என் நிலை உங்களுக்குப் புரியும். காலையில் கூரியர்க்காரர் வந்து அழைப்பு மணியை அடித்தார். கதவைத் திறந்து என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், குரல் எழவில்லை. இரண்டு முறை செருமிக்கொண்ட பிறகுதான் பேச முடிந்தது. யோசித்துப் பார்த்தபோது, முந்தின நாள் காலையில் வேலை நிமித்தம் வெளியூர் கிளம்பிய கணவரிடம் ‘பார்த்துப் போய் வாருங்கள்’ என்று சொன்னதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த ஒரு நாளில் நான் எழுதியது 2,300 சொற்கள்.

இப்போதெல்லாம் சின்ன விஷயங்கள்கூட மனத்தை அரிக்கின்றன. வழக்கமாக ‘மிக்க நன்றி’ என்று மின்னஞ்சல் அனுப்பும் ஆசிரியர் ஒருவர் ஒருநாள் ‘கிடைத்தது’ என்று மட்டும் அனுப்பினார். அந்த ஒற்றைச் சொல்லை நான்கு முறை திறந்து பார்த்தேன், அன்று மாலை வரை வேறு வேலை ஓடவில்லை. ஒரு நிறுவனம் எனக்குத் தர வேண்டிய தொகையை நான்கு மாதம் இழுத்தடித்தது. இது எல்லோருக்கும் நடப்பதா, என் எழுத்தின் தரம் போதாமல்தான் இப்படியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒருவரும் இல்லை.

முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாதம் ஒருமுறை கூடும் ஓர் எழுத்தாளர் சந்திப்புக்குப் போனேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். என் கதையில் இரண்டு பக்கம் வாசித்தேன். மூத்தவர் ஒருவர், ‘இதில் புதிதாக என்ன இருக்கிறது?’ என்றார். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. மீதி நேரம் முழுவதும் யாருக்கு எந்த விருது கிடைத்தது, யாருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பதிலேயே கழிந்தது. திரும்பி வரும்போது மாடிப்படியில் ஒரு பெண்மணி என்னை நிறுத்தி, ‘உங்கள் கதையில் அந்த அம்மா ஏன் கதவை இரண்டு முறை பூட்டுகிறாள்?’ என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் தோன்றவில்லை. அவர் சிரித்துவிட்டு, என் கதைத் தாளின் ஓரத்தில் தன் எண்ணை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என் டைரிக்குள்தான் இருக்கிறது. நான் அழைக்கவில்லை, என்னவென்று சொல்லி அழைப்பது? அந்தச் சந்திப்புக்கும் அதன்பின் போகவில்லை.

அண்மையில் என்னோடு வேலை பார்த்த தோழியின் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. வாழ்த்து அனுப்பிவிட்டு மூன்று நாள் ஒரு வரியும் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் புத்தகத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது கதைகளை அல்ல, நன்றியுரையில் அவள் குறிப்பிட்டிருந்த ஆறு பேரின் பெயர்களை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

என் கணவர் நல்லவர். ‘தனிமை வேண்டும் என்றுதானே வேலையை விட்டாய்?’ என்கிறார், அதிலும் தவறில்லை. பிறருடன் பழகத் தெரியாத சுபாவமா எனக்கு? எழுதுபவளுக்குத் துணை தேவைப்படுவது பலவீனமா? மறுபடியும் வேலைக்கே போய்விடுவதுதான் வழியா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். முதல் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பழகத் தெரியாதவர் ஒன்பது ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் தாக்குப்பிடித்து, பிழை திருத்துநர் இருக்கையிலிருந்து உதவி ஆசிரியர் இருக்கைக்கு வந்திருக்க மாட்டார். எனவே சுபாவத்தை விட்டுவிட்டு, அந்த அலுவலகத்தை விட்டு வந்தபோது சம்பளத்தோடு சேர்ந்து வேறு எது கைநழுவியது என்று பார்ப்போம்.

பக்கத்து மேசை கைநழுவியது. ‘இந்த வாக்கியம் இடறுகிறதா, பாருங்கள்’ என்று நாற்காலியைத் திருப்பாமலேயே கேட்டிருப்பீர்கள், ‘கொஞ்சம் நீளம்’ என்று அங்கிருந்து பதில் வந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். அது நட்பும் அல்ல, தீர்ப்பும் அல்ல; ஆனால் சந்தேகங்களை வளரவிடாமல் அன்றன்றைக்கே கரைத்துவிடுவது அதுதான். இன்று உங்கள் எழுத்தைப் பற்றி உங்களிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் அதை ஏற்கவோ மறுக்கவோ, அதற்குப் பணம் தரவோ நிறுத்தவோ அதிகாரம் உள்ளவர்கள். அப்படிப்பட்டவர்களிடமிருந்து மட்டுமே ஒருவருக்குச் சொற்கள் வந்துகொண்டிருந்தால், ‘கிடைத்தது’ என்ற ஒற்றைச் சொல் மாலை வரை கனப்பதில் வியப்பில்லை.

ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973இல் தனிமையுணர்வை இரண்டாகப் பிரித்தார். மிக நெருங்கிய ஓர் உறவு இல்லாததால் வருவது ஒன்று. தன்னையொத்த கவலைகளும் வேலைகளும் உள்ள ஒரு வட்டம் இல்லாததால் வருவது மற்றொன்று. ஒன்றுக்கான குறையை மற்றொன்றைக் கொண்டு நிரப்ப முடியாது என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியமானது. உங்கள் கணவரின் அன்பும் உண்மை, உங்கள் வெறுமையும் உண்மை, இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதில் முரண் எதுவும் இல்லை. அவரிடம் இதை இப்படியே விளக்குங்கள். ஆனால் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பை அவர் தலையில் கட்ட வேண்டாம். துணை தேவைப்படுவது பலவீனமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருப்பதாக நினைக்கிறேன்.

தனிமையுணர்வு நீண்டு போகும்போது அது மனிதர்களை நாம் பார்க்கும் விதத்தையும் மாற்றிவிடுகிறது. ஜான் காசியோப்போ என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது இது: தனிமையில் இருப்பவரின் மனம் மனிதர்களைத் தேடிக்கொண்டே, அவர்களிடமிருந்து வரக்கூடிய புறக்கணிப்பையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கத் தொடங்குகிறது. அந்தச் சந்திப்பை இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த மூத்தவர் உங்களைக் காயப்படுத்தினார், அதில் எனக்கு ஐயமில்லை. முதன்முறை வருபவரிடம் ‘இதில் புதிதாக என்ன இருக்கிறது?’ என்று கேட்பதை விமர்சனம் என்றே நான் சொல்ல மாட்டேன், அது சோம்பேறித்தனம். ஆனால் மற்றவர்கள் மௌனமாக இருந்ததை அவருக்கான ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டது நீங்கள். அவர் முன் பேச அவர்களுக்கும் தயக்கம் இருந்திருக்கலாம். அன்று உங்கள் கதையைப் பற்றிப் பேசியவர்கள் இரண்டு பேர். ஒருவரை நினைத்துக்கொண்டு சந்திப்பையே விட்டீர்கள். மற்றொருவரின் எண்ணை டைரிக்குள் வைத்தீர்கள். அந்தத் தாளுக்குக் கடைசியில் வருகிறேன்.

படைப்பாளர் வட்டம் என்றவுடன் எல்லாத் தேவைகளையும் ஒரே கூட்டம் தீர்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். எழுத்தைப் படித்துச் சொல்பவர்கள், தொழில் விவரம் பேசிக்கொள்பவர்கள், சும்மா உடன் அமர்ந்து வேலை செய்பவர்கள் என்று மூன்று விதமானவர்கள் உங்களுக்குத் தேவை. மூன்றும் ஒரே ஆட்களாக இருக்க வேண்டியதில்லை. உங்களைப் போன்றவர்களை மூன்றாவது விதத்திலிருந்து தொடங்கச் சொல்வது என் வழக்கம். இரண்டு மூன்று பேர் வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், ஓர் இடத்தில் கூடி அவரவர் வேலையை ஒன்றரை மணி நேரம் செய்வது. யாரும் யாருடையதையும் வாசித்துக் காட்ட வேண்டாம். நேரில் முடியாவிட்டால் வீடியோ அழைப்பிலும் செய்யலாம். பிறர் உடனிருக்கும்போது கை பழகிய வேலை விரைவாக ஓடும், புதிதாகத் துழாவ வேண்டிய வேலை தடுமாறும் என்று ராபர்ட் சயன்ஸ் என்ற உளவியலாளர் 1965இல் எடுத்துக்காட்டினார். ஆகவே அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நிறுவனக் கட்டுரையையோ பிழை திருத்தத்தையோ கொண்டுபோங்கள். கதையின் முதல் வரைவை வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு எழுதுங்கள். ‘எல்லோரும் சேர்ந்து எழுதுவோம்’ என்று உற்சாகமாகத் தொடங்கும் குழுக்கள் பல, கைவராத வேலையோடு போய் உட்கார்ந்தே கலைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல் கால் மணி நேரமாவது பேசிவிட்டு வாருங்கள். தகவல்தொடர்புத் துறை ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது; அதிலும் வேலையின் நிமித்தம் வெறுமனே சேர்ந்திருக்கும் நேரத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. இந்த எண்களைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் கூடும் சந்திப்பில் 50 மணி நேரம் சேர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வாரம் ஒன்றரை மணி நேரம் என்றால் ஏறக்குறைய எட்டு மாதம். நீங்கள் அந்தச் சந்திப்புக்குக் கொடுத்தது ஒரே ஒரு மாலை. போன இடத்தில் ஒட்டவில்லை என்று அதற்குள் முடிவு கட்டிவிட முடியாது.

பணம் தாமதமானதை உங்கள் எழுத்தின் தரத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். அந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். அது மனம் சார்ந்த பிரச்சினை அல்ல, ஒப்பந்தம் சார்ந்த பிரச்சினை. முன்பணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், இன்வாய்ஸ் கொடுத்த எத்தனை நாளில் பணம் வர வேண்டும், வேலை பாதியில் நின்றால் என்ன தருவார்கள் என்பதை வேலையைத் தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் எழுதி, ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள நெருங்கிய நண்பர்கள் தேவையில்லை. புதிய வேலைக்குத் தெரிந்தவர்கள் மூலம் போனவர்களை ஆராய்ந்து 1973இல் கட்டுரை வெளியிட்ட சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், அவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் வந்தது அடிக்கடி பார்ப்பவர்களிடமிருந்து அல்ல, எப்போதாவது பார்ப்பவர்களிடமிருந்துதான் என்று கண்டார். பழைய பதிப்பகத்திலிருந்து உங்களைப் போலவே வெளியேறித் தனியாக வேலை செய்யும் இரண்டு பேரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ‘உங்களுக்குப் பணம் எத்தனை நாளில் வருகிறது?’ என்று கேளுங்கள். உரையாடலைத் தொடங்க இதைவிடக் கூச்சம் குறைந்த கேள்வி நம் தொழில்களில் இல்லை.

தோழி மீது வந்த பொறாமைக்காக வெட்கப்பட வேண்டாம். நாம் நம்மை ஒப்பிட்டுக்கொள்வது எட்டாத உயரத்தில் இருப்பவர்களோடு அல்ல, நம்மோடு ஒரே வரிசையில் நின்றவர்களோடுதான். உங்கள் பொறாமை எங்கே போய் நின்றது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது அவருடைய கதைகளில் நிற்கவில்லை, நன்றியுரையின் ஆறு பெயர்களில் நின்றது. அவர்களை எப்படிக் கண்டடைந்தார் என்று தோழியிடமே கேட்கலாம். ஒன்பது ஆண்டு பழக்கம் இருக்கும்போது இது அநாகரிகமான கேள்வி ஆகாது.

மீண்டும் வேலைக்குப் போவது தோல்வி அல்ல. பகுதிநேரமாகப் போய்க்கொண்டே எழுதுபவர்கள் ஏராளம். ஆனால் அந்த முடிவை இன்றைய மனநிலையில் எடுக்க வேண்டாம், ஆறு மாதம் கழித்து யோசியுங்கள். அதற்கிடையே இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து சோர்வு, தூக்கக் குறைவு, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால், அதைத் தனிமை என்று நீங்களாகவே சொல்லிக்கொள்ளாமல் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

இனி அந்தத் தாள். என்னவென்று சொல்லி அழைப்பது என்று கேட்டிருந்தீர்கள். அவர் உங்களிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் அழைக்கிறீர்கள். இரண்டு ஆண்டு தாமதத்துக்கு நீண்ட மன்னிப்பெல்லாம் வேண்டாம், அழைக்கத் தயக்கமாக இருந்தால் ஒரு குறுஞ்செய்தி போதும்: ‘மாடிப்படியில் நின்று என் கதையில் அந்த அம்மா ஏன் கதவை இரண்டு முறை பூட்டுகிறாள் என்று கேட்டீர்கள். அன்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் முழுதாகத் தெரியவில்லை, ஆனால் அந்தக் கதையை மறுபடி எடுத்திருக்கிறேன். வாரம் ஒருநாள் ஒன்றரை மணி நேரம், அவரவர் வேலையோடு சேர்ந்து உட்கார உங்களுக்கு விருப்பமா?’